பரண்மேல் ஓர் இரும்புப் பெட்டி

உங்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை மனத்துக்குள்ளேயே ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏணி வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டாலே போதும். என்னென்ன இருக்கின்றன? கால் ஆடும் தொட்டில், கொலுப் பலகைகள், மூடி காணாமற் போன இட்லிக் கொப்பரை. இவற்றுக்கெல்லாம் பின்னால், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, சாம்பல் நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறதா? அதைத்தான் நான் தேடுகிறேன். பையன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் வாங்கிய கம்ப்யூட்டர்! வாங்கிய அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு மாலை கூடப் போட்டீர்கள். இன்று அதன்மேல் ஓர் அங்குலத் தூசி.

"பழைய பேப்பர்காரர் வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். எடைக்கு என்ன கிடைக்குமோ கிடைக்கட்டும்" என்று வீட்டில் பேச்சு நடந்திருக்கும். சற்றுப் பொறுங்கள்! அந்தப் பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன்னால், அதற்குள் எதைப் போட்டு வைத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். பெண்ணின் ஆண்டு நிறைவுப் படங்கள். மாமனாரின் சஷ்டியப்த பூர்த்தி. இப்போது இல்லாத பாட்டி, கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் காட்சி. அந்நாளில் டிஜிட்டல் காமிராவில் எடுத்தவற்றை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இறக்கி வைத்தோம். காகிதத்தில் அச்சடித்து ஆல்பத்தில் ஒட்டும் வழக்கம் போய்விட்டது. பிறகு கைபேசி வந்தது. கம்ப்யூட்டர் பரண் ஏறிற்று. படங்களும் அதனுடன் பரண் ஏறிவிட்டன!

ஆகவே இந்த வாரம் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கப் போகிறோம். அதில் இருப்பதை மீட்டு, பெட்டியையே குடும்பத்தின் படப் பெட்டகமாக மாற்றப் போகிறோம். "இதெல்லாம் நமக்கு எங்கே வரும்?" என்று பின்வாங்க வேண்டாம். மிக்ஸி ஜாடியின் கத்தியைக் கழற்றி மாட்டுகிறவருக்கு, குக்கர் ரப்பரை மாற்றுகிறவருக்கு, தையல் யந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவருக்கு இந்த வேலை பெரிதல்ல. ஒரு திருப்புளியும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?

படங்கள் எல்லாம் இருக்கும் இடத்துக்கு ஹார்ட் டிஸ்க் என்று பெயர். பூட்டிய ஒரு சிறிய உலோக டப்பாவுக்குள், கிராமபோன் இசைத் தட்டைப் போலச் சுழலும் தட்டுகள் இருக்கின்றன. நாம் சுருக்கமாகத் தட்டு என்றே சொல்லுவோம். வழக்கமான ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. கிராமபோனில் ஊசி தட்டைத் தொட்டுக்கொண்டு போகும். இங்கே தொடக் கூடாது. படிக்கும் முனை, தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் தட்டுக்கு மேல் மிதந்துகொண்டே படிக்கிறது. தொட்டுவிட்டால் கீறல்தான், பாட்டியின் ஊஞ்சலும் போயிற்று, வெற்றிலையும் போயிற்று.

இந்தத் தட்டு வம்சத்தின் கொள்ளுத் தாத்தாவை 1956-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். யந்திரத்தின் எடை ஒரு டன்னுக்குக் குறையாது. அவ்வளவு பெரிய பூதத்துக்குள் 50 லட்சம் எழுத்துக்கள்தான் அடங்கின. இன்று நாம் கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் ஏறக்குறைய அதை நிரப்பிவிடும்! நம் பரண் பெட்டியில் உள்ள தட்டோ உள்ளங்கை அகலம். ஆனால் அதில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி வேறு, தட்டு வேறு. பெட்டி வெறும் இரும்புத் தகடு. அசையும் உறுப்பு அதில் இல்லை. துருப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் பேரன் காலத்துக்கும் நிற்கும். தட்டு அப்படியல்ல. அது சுழலும் யந்திரம்; அதற்கு ஆயுசு உண்டு. அந்த ஆயுசு எப்போது முடியும் என்று அது சொல்லிவிட்டுப் போகும் என்றும் நம்புவதற்கில்லை. 2007-ஆம் வருஷம் கூகுள் கம்பெனியின் எஞ்சினீயர்கள், தங்கள் நிலையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டு தன்னைத் தானே சோதித்து எச்சரிக்கை செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. கெட்டுப் போன தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, அந்த ஏற்பாட்டின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக் கூடக் காட்டாமலே கெட்டுப் போயிருந்தன. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. திடீரென்று ஒரு நாள் கண்ணை மூடிவிட்டன!

ஆகவே நமக்கு வேண்டிய விதி இதுதான்: பெட்டி பழசாக இருக்கலாம், தட்டு புதிதாக இருக்க வேண்டும், படங்கள் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். மீதியெல்லாம் கைவேலை.

முதலில் மீட்பு, பிறகு தச்சு வேலை

பெட்டியைக் கண்டதும் அதை அழகுபடுத்த ஆரம்பித்துவிடக் கூடாது. முதல் காரியம், பழைய தட்டில் இருப்பதைப் பிரதி எடுப்பது.

பெட்டியைக் கீழே இறக்கி, மொட்டை மாடியிலோ தாழ்வாரத்திலோ வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மின்சாரக் கம்பி எதுவும் அதில் இருக்கக் கூடாது. பின்புறத்தில் இரண்டு மூன்று திருகாணிகள் இருக்கும். கழற்றினால் பக்கத்துத் தகடு பின்னோக்கி நகர்ந்து கையோடு வந்துவிடும். உள்ளே கை வைக்குமுன், பெட்டியின் வர்ணம் பூசாத இரும்புப் பாகத்தை ஒரு தடவை தொடுங்கள். உடம்பிலும் புடவையிலும் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும். நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு இந்த வேலை செய்ய வேண்டாம். நூல் புடவை உத்தமம்.

பெரிய பச்சைப் பலகை ஒன்று தெரியும். அதில் எட்டணா அளவில் ஒரு வெள்ளி வில்லை பதித்திருக்கும். அது பாட்டரி. முதலில் அதை எடுத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அலட்சியம் வேண்டாம். இந்த வில்லைப் பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், சில மணி நேரத்துக்குள் உணவுக் குழாயையே புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும். தாமதம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பிறகு தட்டைத் தேடுங்கள். பெட்டியின் முன்பக்கத்துச் சட்டத்தில், இரு பக்கமும் திருகாணி போட்டு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு கம்பிகள் வரும். ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று செய்திக்கு. செய்திக் கம்பி ரிப்பன் மாதிரி அகலமாகத் தட்டையாக இருந்தால், அது ஐ.டி.இ. என்ற பழைய ஜாதி. விரல் அகலத்துக்கும் குறைவாக, ஆங்கில 'எல்' எழுத்து வடிவத்து வாயுடன் இருந்தால், அது சாட்டா என்ற பிந்திய ஜாதி. இதைத் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ரவிக்கைத் துண்டு எடுக்காமல் மாட்சிங் வாங்கப் போன கதையாகிவிடும்!

சென்னையில் இருப்பவர்களுக்கு மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. மற்ற ஊர்களில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கேட்கலாம். கேட்க வேண்டியது, தட்டை யு.எஸ்.பி. வாயில் கோர்க்கும் அடாப்டர். கம்ப்யூட்டர் தட்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். சாதாரண யு.எஸ்.பி. கம்பியோ 5 வோல்ட்தான் கொடுக்கும். ஆகையால், சுவரில் செருகும் தனி மின்சாரக் கட்டையுடன் கூடிய அடாப்டராகக் கேளுங்கள். லாப்டாப்பிலிருந்து எடுத்த சிறிய தட்டுக்கு இது தேவையில்லை. அதற்கு 5 வோல்ட்டே போதும். உங்களுடைய பழைய தட்டு ஐ.டி.இ. ஜாதி என்றால், ஐ.டி.இ., சாட்டா இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் வாங்குங்கள். புதுத் தட்டுக்கும் அதுவே ஆகும். ஒன்று மட்டும் கவனம். மிகப் பழைய மாதிரி அடாப்டர்களில் சில, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளைச் சரியாக அறிந்துகொள்ளா. எவ்வளவு பெரிய தட்டுக்கு இது தாங்கும் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

தட்டை ஒரு மரப் பலகைமீது ஆடாமல் வையுங்கள். அடாப்டரைக் கோர்த்து, மின்சாரம் கொடுத்து, வீட்டிலுள்ள இப்போதைய லாப்டாப்பில் செருகுங்கள். ஓடும்போது தட்டைத் தூக்கவோ திருப்பவோ கூடாது. மெல்லிய ரீங்காரம் கேட்டால் நல்ல சகுனம். "டிக்... டிக்... டிக்..." என்று அடித்துக்கொண்டால், உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அந்தச் சப்தத்துடன் அதை ஓட்ட ஓட்ட, இருப்பதும் அழியும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். தட்டின் மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது. தூசி இல்லாத அறை வைத்துக்கொண்டு தட்டுகளை மீட்கும் நிலையங்கள் இருக்கின்றன. செலவு அதிகந்தான். ஆனால் உள்ளே இருப்பது பாட்டி என்றால் யோசிக்கத் தக்க செலவு.

இன்னோர் எச்சரிக்கை. தட்டைக் கோர்த்ததும் சில சமயம் லாப்டாப் திரையில் ஒரு கேள்வி எழும். "இந்தத் தட்டை உபயோகிக்க வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்கும். "கூடாது" என்று சொல்லிவிடுங்கள்! தட்டை ஃபார்மட் செய்வது சிலேட்டைத் துடைக்கிற மாதிரி. கம்ப்யூட்டர் கேட்கிறதே என்று தலையை ஆட்டி, பத்து வருஷத்துப் படங்களைத் துடைத்தவர்கள் உண்டு. அந்தக் கேள்வி வந்தால் நிறுத்திவிட்டு, விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தால், முதலில் படங்களையும் வீடியோக்களையும் லாப்டாப்புக்குப் பிரதி எடுங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு ஆகட்டும். அவை ஊரெல்லாம் கிடைக்கும். உங்கள் பெண் முதல் அடி எடுத்து வைத்த காட்சி உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. அந்நாளையத் தட்டுகள் பெரும்பாலும் 40, 80, 160 ஜிகாபைட் அளவுதான். இன்றைய லாப்டாப்பில் கொஞ்சம் இடம் ஒழித்தால் அடங்கிவிடும். பிரதி முடிந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐம்பது படங்களைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து படம் வராமல் போவதும் உண்டு.

பெட்டி தயாராகிறது

இப்போது தச்சு வேலைக்கு வருவோம். பழைய பெட்டிக்குள் இருக்கும் பச்சைப் பலகை, விசிறி, கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். ஒவ்வொன்றும் நாலைந்து திருகாணிதான். கழற்றிய திருகாணிகளை ஓர் அஞ்சறைப் பெட்டியில் வகை வகையாகப் போட்டு வையுங்கள். பின்பக்கம் மேல் மூலையில் ஒரு கனத்த உலோகக் கட்டை இருக்கும். அதிலிருந்து பல நிறக் கம்பிகள் வரும். அதுதான் எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரக் கட்டை. அதை முழுசாகக் கழற்றி எடுக்கலாம். ஆனால் அதன் மூடியை ஒருநாளும் திறக்கக் கூடாது. மின்சாரத்திலிருந்து பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

வெறுமையான பெட்டியை ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் உலர்த்துங்கள். துரு தெரிகிற இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வர்ணம் பூசுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இதை அவசியம் செய்ய வேண்டும்.

அடுத்தது புதுத் தட்டு. மூன்றரை அங்குல அளவு, சாட்டா ஜாதி, 2 அல்லது 4 டெராபைட் என்று கேட்டு வாங்கலாம். சாதாரணக் குடும்பத்துக்கு இது வெகு நாளைக்குப் போதும். புதுத் தட்டு எதுவும் எழுதாத சிலேட்டு. அதை மட்டும் முதல் தடவை ஃபார்மட் செய்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால், பழைய தட்டைப் பிடுங்கி வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரண்டும் மேஜைமேல் இருந்தால், அவசரத்தில் எதைத் துடைக்கிறோம் என்று தெரியாமல் போகும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற பகுதியில் இந்த வேலை நடக்கும். எந்த முறை என்று கேட்டால் 'ஜி.பி.டி.' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுக்கு அந்த முறைதான் ஏற்றது.

பிறகு தட்டைப் பெட்டியின் சட்டத்தில், பழைய தட்டு இருந்த அதே இடத்தில் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு திருகாணி. பழைய தட்டைப் பிடித்திருந்த குட்டையான திருகாணிகளையே போடுங்கள். நீளமான திருகாணி உள்ளே குத்தித் தட்டைக் கெடுத்துவிடும். பல தட்டுகளின் மேல்மூடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும். "இதை மூடாதே" என்று அருகில் எழுதியிருக்கும். அது தட்டு மூச்சு விடும் துவாரம். லேபிள் ஒட்டுகிறேன் என்று அதன்மேல் ஒட்டிவிடாதீர்கள்.

அடாப்டரைத் தட்டில் கோர்த்து, பிளாஸ்டிக் கட்டுக் கம்பியால் பெட்டியின் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். அடாப்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும். மின்பலகை எதுவும் வெறுமையாக இரும்பைத் தொடக் கூடாது. பச்சைப் பலகை இருந்த இடத்தின் பின்புறம் ஒரு நீள்சதுர ஓட்டை இருக்கும். யு.எஸ்.பி. கம்பியையும் மின்சாரக் கம்பியையும் அதன் வழியாக வெளியே விடுங்கள். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி விளிம்பில் மாட்டிவிட்டால் கம்பி அறுபடாது. உள்பக்கத்தில் கம்பிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். யாராவது வெளியே இடறி இழுத்தாலும், கட்டு தாங்கிக்கொள்ளும். தட்டின் வாய் பிழைக்கும். எலியும் கரப்பானும் நுழையாமல், மிச்ச ஓட்டையைக் கொசுவலைத் துண்டால் மூடிவிடுங்கள்.

மின்சாரக் கட்டை சுவரோடு இருக்கட்டும். பெட்டிக்குள் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும்தான் வருகின்றன. ஆகவே தொட்டால் அபாயம் என்ற பயம் இல்லை. ஒரே தட்டு என்றால் விசிறியும் வேண்டாம். ஓடும்போது அது உண்டாக்கும் சூடு ஏழெட்டு வாட்தான். அவ்வளவு பெரிய பெட்டியில் காற்றாடத் தாராளமாக இடம் இருக்கிறது. இடம் நிறைய இருக்கிறதே என்று அதற்குள் பட்டை கிராம்பு டப்பாவைக் கொண்டு போய் வைக்காமல் இருந்தால் சரி!

தட்டைப் பெட்டிக்குள் பூட்டியாயிற்று. இனி லாப்டாப்பில் எடுத்த பிரதியை அப்படியே அதற்கு மாற்றுங்கள். கைபேசியில் சேர்ந்திருப்பவற்றையும் இறக்குங்கள். வேலை முடிந்ததும் திரையில் 'இஜெக்ட்' என்று சொல்லி, அனுமதி வந்த பிறகுதான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பால் பொங்கும்போது அடுப்பை விட்டுப் போகக் கூடாது. தட்டு எழுதும்போது கம்பியைப் பிடுங்கக் கூடாது.

"எங்கள் வீட்டில் இவருக்குப் புகைப்படப் பைத்தியம், மூன்று நான்கு தட்டு வேண்டும்" என்கிறவர்கள் இருப்பீர்கள். அப்படியானால் பெட்டிக்குள் எஸ்.எம்.பி.எஸ். கட்டையே வேண்டும், விசிறியும் ஓட வேண்டும். பச்சைப் பலகை இல்லாமல் அந்தக் கட்டை தானாகக் கிளம்பாது. அதன் பெரிய வாயில் உள்ள பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு சேர்த்தால்தான் கிளம்பும். குண்டூசியை வளைத்து இந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படிச் செய்ய வேண்டாம். இதற்கென்றே செய்த மூடி கடையில் கிடைக்கிறது. வயசான எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பாமல் புதிது வாங்குவதும், எர்த் உள்ள மூன்று கால் பிளக்கில் செருகுவதும், இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதுமே விவேகம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டோடு விளையாட்டு உதவாது.

எதற்காக இவ்வளவு பாடு?

"கடையில் உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டு விற்கிறதே, அதை வாங்கினால் ஆயிற்று. எதற்கு இந்த இரும்புச் சுமை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சிறிய தட்டு சௌகரியம். ஆனால் சௌகரியமே அதற்கு விரோதி. கைப்பையில் போகும், மேஜையிலிருந்து விழும், பையன் சினிமா வாங்கிவர நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போவான். நம் இரும்புப் பெட்டியை யாரும் இரவல் கேட்க மாட்டார்கள்! அது விழாது, தொலையாது, வீட்டை விட்டு நகராது. தட்டுக்கு வயதானால் நாலு திருகாணியைக் கழற்றி வேறு தட்டு மாற்றலாம். பெட்டி அப்படியே இருக்கும்.

"எல்லாம் கைபேசிக் கம்பெனிக்காரன் ஆகாயத்தில் காப்பாற்றுகிறான்" என்று இளவட்டங்கள் சொல்லுவார்கள். நல்லதுதான், அதுவும் ஒரு பிரதி. ஆனால் ஆகாயத்திலும் வாடகை உண்டு. கூகுள் படக் கணக்கில் 2021 ஜூன் 1-ஆம் தேதிக்கு முன்பு ஒருவகைப் படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைக்க முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் சேர்த்து 15 ஜிகாபைட் வரைதான் இலவசம். மேலே போனால் பணம். வாடகை வீட்டில் இருக்கலாம், தவறில்லை. சொந்தமாக ஒரு பெட்டியும் இருக்கட்டும்.

அதே சமயம், சிறிய தட்டையும் வாங்கத்தான் சொல்லுகிறேன். இரும்புப் பெட்டிக்குப் பதிலாக அல்ல, அதற்குத் துணையாக. பெட்டியில் உள்ளதை எல்லாம் அதில் இன்னொரு பிரதி எடுத்து, அதை உங்கள் பிறந்த வீட்டில் வையுங்கள். ஆம், வேறு வீட்டில்! ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருந்தால், திருடனுக்கும் தீக்கும் தண்ணீருக்கும் அது ஒரே பிரதிதான். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததே, ஞாபகம் இருக்கிறதல்லவா? ஏரிகள் நிறைந்து, அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டு, எத்தனையோ வீடுகளில் கட்டில் மட்டம் வரை தண்ணீர் நின்றது. பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்களும், மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர்களும் சேற்றோடு போயின. பிறந்த வீட்டில் ஒரு பிரதி இருந்திருந்தால், துணிமணி போனாலும் அம்மாவின் முகம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே இரும்புப் பெட்டியையும் தரையில் வைக்காதீர்கள். இடுப்பளவு உயரத்துக்கு மேல், சமையலறை எண்ணெய்ப் புகை படாத அலமாரியில் வையுங்கள்.

கடைசியாக, முக்கியமாக ஒன்று. படங்களைப் போடும்போது வருஷமும் விசேஷமும் பெயராக எழுதுங்கள். "2009 பாட்டி சதாபிஷேகம்" என்றால் யாருக்கும் புரியும். "புதியது 1", "புதியது 2", "புதியது கடைசி", "கடைசிக்கும் கடைசி" என்று இருந்தால் வைத்தவருக்கே புரியாது. பெட்டிக்குக் கடவுச் சொல் போட்டிருந்தால், அது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக் கூடாது. பாங்குக் கணக்கும் இன்ஷூரன்ஸும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொள்வதுபோல், இதையும் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காகிதத்தில் எழுதி நகைப் பெட்டிக்குள் வையுங்கள். அவர் இல்லாத நாளில் அவருடைய படத்தைப் பார்க்கக் கூட வழியில்லாமல் ஒரு பெண் நிற்கக் கூடாது.

மிச்சச் சாமான்கள்

கழற்றி எடுத்த பச்சைப் பலகை, எஸ்.எம்.பி.எஸ்., கம்பிகள் இவற்றை என்ன செய்வது? குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. போகியன்று கொளுத்தவே கூடாது. பலகையின் பற்றுக்களில் ஈயம் இருக்கலாம். கம்பியின் பிளாஸ்டிக் எரிந்தால் வரும் புகை விஷம். 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், இவற்றை முறையாகப் பிரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, சாமானைச் செய்து விற்கும் கம்பெனிகள்மேல் வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்திடமே கொடுங்கள்.

பழைய தட்டை மட்டும் கொடுக்காதீர்கள். "எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே" என்பீர்கள். அழித்தல் என்பது, புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரிதான். பக்கங்கள் உள்ளேயே இருக்கும், தெரிந்தவன் புரட்டிவிடுவான். துணியில் சுற்றி, ஈரமிழுக்கும் பொட்டலம் ஒன்றுடன் டப்பாவில் போட்டு வையுங்கள். ஓடுகிற வரையில் அது மூன்றாவது பிரதி.

இனி வருஷத்துக்கு இரண்டு நாள் இந்தப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். போகியன்று, வீட்டைச் சுத்தம் செய்யும்போது புதுப் படங்களைச் சேர்த்து, பிறந்த வீட்டுத் தட்டையும் வரவழைத்துப் புதுப்பியுங்கள். ஆயுத பூஜையன்று, பெட்டியை ஓட்டி, பத்துப் படமாவது திறந்து பாருங்கள். அன்றைக்குப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் தாராளமாக இடலாம். காற்றுத் துவாரங்களின் மேல் மட்டும் வேண்டாம்!

பொங்கலுக்கு வரும் பேரக் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்து, அந்த ஊஞ்சல் படத்தைக் காட்டுங்கள். "இது யார்?" என்று கேட்கும் குழந்தைக்குப் பதில் சொல்ல இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை இறக்கிவிடுங்கள்.